எவரும் நடாத பனை

மனிதர் நட்டு வளர்த்த மரங்களை வரலாறு நினைவில் வைத்துக்கொள்ளும். ஸ்பெயின் நாட்டில் உமையா ஆட்சியை நிறுவிய முதலாம் அப்துர் ரஹ்மான், குர்துபா நகரின் புறத்தே ருஸாஃபா என்னும் தோட்டத்தை அமைத்து, தம் தாயகமான ஷாம் தேசத்துப் பேரீத்த மரத்தை அங்கே வளர்த்த செய்தியை நம்மில் பலர் படித்திருக்கிறோம். தம்மைப் போலவே பிறந்த மண்ணைப் பிரிந்து நிற்கும் அம்மரத்தைக் கண்டு அவர் உள்ளம் உருகிப் பாடியதாகக் கூறப்படும் கவிதை, அரபு இலக்கியத்தில் நிலையான இடம் பெற்றுவிட்டது. ஹிஜ்ரி 138 இல் (கி.பி. 756) குர்துபாவில் அமீராகப் பதவியேற்ற அந்த மன்னரோடு, அவர் நட்ட மரமும் சரித்திரத்தில் ஏறிவிட்டது.

ஆனால், அவர் அதற்கு முந்திய ஆண்டில் வந்திறங்கிய அல்முனக்கப் கரையோரத்துக் குன்றுகளில் வேறொரு பனை வளர்ந்திருந்தது. அதை எவரும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவரவில்லை. எவரும் குழி தோண்டி நடவில்லை, நீர் வார்க்கவில்லை. அதைப் பார்த்து எந்த மன்னரும் கண்ணீர் வடித்ததாகத் தெரியவில்லை. அரேபியரும் ரோமரும் கிரேக்கரும் அந்தக் கரைகளுக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே பாறை இடுக்குகளில் அது வாழ்ந்து வந்தது. மத்தியதரைக் கடலின் மேற்குக் கரைகளில் வாழ்ந்த ஏழை மக்களுக்குப் பாயாகவும் கயிறாகவும் கூடையாகவும் துடைப்பமாகவும், பஞ்ச காலத்தில் உணவாகவும் பயன்பட்ட அந்தக் குட்டைப் பனையின் வரலாற்றையே இங்கே நாம் சொல்ல முற்படுகிறோம். எவரும் நடாத மரம் என்பதால் அது வரலாற்றில் இடம்பெறவில்லை. அதனால் விளைந்த கேடு மரத்தோடு நின்றுவிடவும் இல்லை.

பாறையில் ஒரு வாழ்வு

தாவர நூலார் இதனைக் 'கமேரொப்ஸ் ஹியூமிலிஸ்' என்று அழைக்கின்றனர். 1753 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் வழங்கிய பெயர் இது. முதற்சொல் 'தரையோடு கிடக்கும் புதர்' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. இரண்டாவது சொல் இலத்தீனில் 'தாழ்ந்தது' என்று பொருள்படும். ஆக, பெயரின் இரு பாதியும் அதன் குட்டைத் தன்மையையே சொல்கின்றன.

நம் பனைமரத்துக்கு இது தூரத்து உறவு. ஓலை நம் பனையோலையைப் போலவே விசிறியாக விரியும். மட்டையின் இருபுறமும் கூரிய முட்கள் உண்டு. ஆனால் நம் பனை ஒற்றை மரமாக வானளாவி நிற்கும். இதுவோ ஒரே வேரிலிருந்து பல தண்டுகளாகக் கிளைத்து வடலிக் கூட்டம்போல் தரையை ஒட்டி நிற்கும். பொதுவாக இரண்டு மூன்று மீட்டர் உயரத்துக்குமேல் போவதில்லை. ஓராண்டில் தண்டு வளர்வது சில சென்டிமீட்டர் மட்டுமே. ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்ட ஒரு குட்டைப் பனையைப் பார்த்தால், அது பல பத்தாண்டுகள் கண்ட மரம் என்று கொள்ளலாம்.

மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா, ஸ்பெயின், போர்ச்சுக்கல், சிசிலி, சார்டினியா, மால்டா, இத்தாலியின் மேற்குக் கரை ஆகியவை இதன் தாயகம். கிரீட் தீவின் காட்டுப் பேரீச்சை நீங்கலாக, ஐரோப்பாவுக்குச் சொந்தமான பனை இனம் இது ஒன்றே எனலாம். சுண்ணாம்புப் பாறைகள் நிறைந்த மலைச்சரிவுகளை இது விரும்பும். மண் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாத பாறை வெடிப்புகளில் வேரை இறக்கி, கோடையின் வறட்சியையும் கடற்காற்றின் உப்பையும் தாங்கிக்கொள்ளும்.

மொராக்கோவின் அட்லஸ் மலைகளில் இதன் தனி வகை ஒன்று வாழ்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலான உயரத்திலும் அதைக் காணலாம். அதன் ஓலைகளில் மெழுகு படர்ந்திருப்பதால் வெள்ளி கலந்த நீல நிறமாகத் தோன்றும். குளிர்காலத்தில் அங்கே பனி பெய்யும். பனைமரம் என்றதும் வெயிலும் மணலும் கடற்கரையும் நம் நினைவுக்கு வருகின்றன. இதுவோ பூச்சியத்துக்குக் கீழே 10 பாகைக் குளிரையும் தாங்கி நிற்கும். காட்டுத் தீ வந்து ஓலையெல்லாம் கருகிப் போனாலும், மழை பெய்ததும் அடியிலிருந்து புதிய குருத்து எழும்.

பழைய ஏடுகளில்

இந்தப் பனையைப் பற்றிய பழைமையான எழுத்துச் சான்று கிரேக்க அறிஞர் தியோஃபிராஸ்டஸுடையது. அரிஸ்டாட்டிலின் மாணவரான அவர், கி.மு. 4 ஆம் நூற்றாண்டின் இறுதி வாக்கில் எழுதிய தாவர ஆராய்ச்சி நூலில், கிரீட் தீவிலும் அதனினும் மிகுதியாகச் சிசிலியிலும் வளரும் குட்டைப் பனையைக் குறிப்பிடுகிறார். மற்றப் பனை வகைகளின் குருத்தை எடுத்துவிட்டால் மரம் பட்டுப்போகும். இது மட்டும் குருத்தை இழந்தாலும் பிழைத்துக்கொள்ளும், வெட்டினாலும் வேரிலிருந்து துளிர்க்கும் என்று அவர் எழுதினார். அகன்ற, மென்மையான இதன் ஓலையால் கூடையும் பாயும் முடைவதையும் அவர் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு 2,300 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் இதை என்ன செய்துவந்தனர் என்பதை அந்தச் சில வரிகள் காட்டிவிடுகின்றன.

அவருக்கும் முன்னதாக, சிசிலியின் தென்கரையில் இருந்த கமரினா என்னும் கிரேக்க நகரம், கி.மு. 5 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட வெள்ளி நாணயத்தில் இப்பனையைப் பொறித்தது. ஒரு பக்கம் போர்க்கேடயத்தின்மீது தலைக்கவசம். மறுபக்கம் காற்கவசங்கள் இரண்டுக்கு நடுவே ஒரு குட்டைப் பனை. ஒரு நகரம் தன் மண்ணின் அடையாளம் என்று காட்டும் அளவுக்கு அக்காலத்தில் இதற்கு மதிப்பு இருந்திருக்கிறது.

ரோமர் ஆட்சியில் வேறொரு காட்சி. கி.மு. 73 முதல் 71 வரை சிசிலியை ஆண்ட வெரெஸ் என்னும் ஆளுநர் அந்தத் தீவைச் சூறையாடிய கதை பேர்பெற்றது. கி.மு. 70 இல் அவர்மீது வழக்குத் தொடுத்த சிசரோ, தம் குற்றச்சாட்டுரையில் ஒரு நிகழ்ச்சியை எழுதுகிறார். கடற்கொள்ளையரை எதிர்க்க அனுப்பப்பட்ட கப்பற்படையின் மாலுமிகளுக்கு உணவு இல்லை; அவர்களுக்கு உரியதை ஆளுநரின் பேராசை விழுங்கிவிட்டது. பாக்கினம் முனையில் கப்பல்கள் நின்றபோது, பசி பொறுக்காத மாலுமிகள் கரையில் இறங்கிக் காட்டுப் பனையின் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள். அந்த நிலையில் கொள்ளையர் வந்தனர், படை சிதறியது, கப்பல்கள் எரிந்தன. அரசு உணவளிக்காத நாளில் அந்த வீரர்களுக்கு உணவளித்தது எவரும் நடாத இந்தப் பனைதான்.

ஜும்மார் என்றொரு சொல்

ஹிஜ்ரி 212 இல் (கி.பி. 827) ஆப்பிரிக்கக் கரையிலிருந்து முஸ்லிம் படை சிசிலியில் இறங்கியது. 831 இல் பலெர்மோ நகரம் முஸ்லிம்களின் வசமாயிற்று. பாசன வாய்க்கால்களும் எலுமிச்சை, நாரத்தைத் தோட்டங்களும் அத்தீவில் பெருகின. அந்தத் தோட்டங்களின் வரலாற்றைப் பலர் எழுதியிருக்கிறார்கள். தோட்டத்துக்கு வெளியே மலைச்சரிவில் நின்ற குட்டைப் பனைக்கு அந்த மக்கள் விட்டுச்சென்ற நினைவுச் சின்னம் ஒரு சொல்.

பனையின் உச்சியில், ஓலைகளுக்கு நடுவே பொதிந்திருக்கும் வெண்மையான இளங்குருத்துக்கு அரபு மொழியில் 'ஜும்மார்' என்று பெயர். இச்சொல் நமக்குப் புதியதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒரு முறை பேரீத்தங்குருத்து கொண்டுவரப்பட்டதையும், அப்போது அவர்கள், மரங்களுள் ஒன்று முஸ்லிமுக்கு ஒப்பானது, அது எது என்று தோழர்களிடம் வினவியதையும் புகாரி ஷரீஃபில் காண்கிறோம். வயதில் இளையவரான இப்னு உமர் (ரலி) அவர்கள் அது பேரீத்த மரம் என்று மனத்துள் அறிந்திருந்தும், பெரியவர்கள் பேசாதிருக்கும் அவையில் வாய்திறக்க வெட்கப்பட்டு மௌனமாக இருந்துவிட்டார்கள். அந்த அவையில் வைக்கப்பட்டிருந்த குருத்துத்தான் 'ஜும்மார்'.

அரபு மொழி பேசிய மக்கள் சிசிலியின் குன்றுகளில் இந்தக் காட்டுப் பனையின் குருத்தும் தின்னத்தக்கது என்று கண்டு, அந்தப் பெயரையே மரத்துக்கும் வைத்துவிட்டனர். 1072 இல் பலெர்மோ நார்மானியர் கைக்குப் போயிற்று. 1091 இல் நோட்டோ நகரும் வீழ்ந்தபின் முஸ்லிம் ஆட்சி முற்றுப்பெற்றது. 13 ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ஃபிரெடரிக் மன்னர், எஞ்சியிருந்த முஸ்லிம்களை இத்தாலியின் லூச்சேரா நகருக்குக் குடிபெயர்த்தார். 1300 ஆம் ஆண்டில் அந்தக் குடியிருப்பும் அழிக்கப்பட்டது. பள்ளிவாசல்கள் மறைந்தன, தொழுகை அழைப்பு ஓய்ந்தது. ஆயினும் சிசிலியின் கிராமத்து மக்கள் இந்தப் பனையை 'ஜும்மாரா' என்று அழைப்பதை விடவில்லை. பக்கத்துத் தீவான மால்டாவிலும் அதற்கு 'ஜும்மார்' என்பதே பெயர். அரண்மனைகளும் பள்ளிவாசல்களும் நிலைக்காத இடத்தில், துடைப்பம் கட்டுகிறவனின் நாவில் ஓர் அரபுச் சொல் நிலைத்துவிட்டது.

மொராக்கோவிலும் அல்ஜீரியாவிலும் இதற்குத் 'தூம்' என்று பெயர். (எகிப்தில் அதே பெயரால் வழங்குவது கிளைவிட்டு வளரும் வேறொரு பனை.) அங்கே ஓலையைப் பிளந்து பாய் முடைந்தார்கள், கயிறு திரித்தார்கள், கூடையும் விசிறியும் தொப்பியும் பின்னினார்கள். மேய்ச்சல் மக்கள் தம் கூடாரத்துக்கு நெய்யும் துணியில் ஆட்டுமயிரோடு இதன் நாரையும் சேர்த்தார்கள். ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் பெண்கள் இதன் ஓலையால் கூடை பின்னும் தொழில் நம் காலம்வரை தொடர்ந்தது. போர்ச்சுக்கல் மக்கள் இதைத் 'துடைப்பப் பனை' என்றே அழைக்கின்றனர்.

கண்ணாடி மாளிகையில்

இனி நாம் வடஇத்தாலிக்குச் செல்வோம். பதுவா நகரின் பல்கலைக்கழகம் 1545 இல் மருந்துச் செடிகளுக்கென ஒரு தோட்டத்தை அமைத்தது. தொடங்கிய இடத்திலேயே இன்றும் இயங்கும் பல்கலைக்கழகத் தாவரத் தோட்டங்களுள் அதுவே மிகப் பழையது. 1585 இல் அங்கே ஒரு குட்டைப் பனை நடப்பட்டது. அத்தோட்டத்தில் 1550 இல் நடப்பட்ட நொச்சி இன மரம் ஒன்று 1984 இல் பட்டுப்போனபின், இன்று அங்கு உயிரோடிருக்கும் மரங்களுள் மூத்தது இந்தப் பனையே. மலையில் இடுப்பளவு நிற்கும் இனம், நான்கு நூற்றாண்டுக் காலம் பேணப்பட்டதால் அங்கே பத்து மீட்டர் அளவுக்கு உயர்ந்து நிற்கிறது. அதற்கெனவே எண்கோண வடிவில் ஒரு கண்ணாடிக் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள்.

1786 செப்டம்பரில் ஜெர்மானியக் கவிஞர் கதே அந்தத் தோட்டத்துக்கு வந்தார். இப்பனையின் அடியில் இருந்த இளம் ஓலைகள் ஈட்டி முனைபோல் பிளவின்றி இருப்பதையும், மேலே போகப்போக அவை சிறிது சிறிதாகப் பிளந்து முழு விசிறியாக விரிவதையும் கண்டார். தோட்டக்காரரிடம் சொல்லி, அந்த மாற்றத்தைப் படிப்படியாகக் காட்டும் ஓலைகளை வரிசையாக அறுத்து வாங்கிக்கொண்டார். அவற்றை அட்டைகளுக்கிடையே வைத்து நெடுங்காலம் பாதுகாத்ததாக அவரே பின்னர் எழுதியிருக்கிறார். செடியின் உறுப்புகள் யாவும் ஒரே அடிப்படை வடிவத்தின் மாற்றங்களே என்னும் அவருடைய கருத்து 1790 இல் நூலாக வெளிவந்தது. அந்தக் கருத்து வளர்வதற்கு இந்தப் பனையும் துணைநின்றது. 'கதேயின் பனை' என்ற பெயராலேயே அது இன்றும் அழைக்கப்படுகிறது.

நட்டவர் உண்டு, நட்ட ஆண்டு உண்டு, பார்த்துப் போற்றிய பெரும் புலவர் உண்டு என்றானதும், ஒரு காட்டுப் பனைக்கு வரலாறு கிடைத்துவிட்டது. அம்மரம் கண்ணாடிக்குள் போற்றப்பட்டுக் கொண்டிருந்த அதே காலத்தில், கடலுக்கு அக்கரையில் அதன் இனத்துக்கு நேர்ந்ததை இனிப் பார்ப்போம்.

தரிசு என்னும் தீர்ப்பு

1830 ஆம் ஆண்டு பிரெஞ்சுப் படை அல்ஜீரியாவின் கரையில் இறங்கியது. அமீர் அப்துல் காதிர் அவர்கள் 1832 முதல் 1847 டிசம்பர்வரை அந்தப் படையை எதிர்த்துப் போராடிய வரலாறு நாம் அறிந்ததே. போர்க்களத்தில் நடந்த அந்தப் போராட்டத்தோடு, காகிதத்தில் வேறொரு போரும் நடந்துகொண்டிருந்தது. அது நிலத்தைப் பற்றியது.

அல்ஜியர்ஸ் நகரைச் சூழ்ந்த மேட்டு நிலங்களிலும் மித்தீஜா சமவெளியின் ஓரங்களிலும் ஓரான் பகுதியிலும் குட்டைப் பனை பரந்து கிடந்தது. ஐரோப்பாவிலிருந்து குடியேற வந்தவர்களுக்கு அது பெரும் பகையாகத் தோன்றியது. மேலே இடுப்பளவே தெரியும். கீழே கிழங்கும் வேரும் பின்னிப் பிணைந்து கலப்பையை மறித்தன. வெட்டினாலும் துளிர்த்தது, எரித்தாலும் துளிர்த்தது. மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு ஆழத் தோண்டி ஒவ்வொரு தூராக எடுக்கவேண்டியிருந்தது. குடியேற்றக் காலத்து எழுத்துகளில் இந்தப் பனை சபிக்கப்பட்ட இடங்கள் பல.

அந்தச் சாபத்தின் பின்னே ஒரு வாதமும் நின்றது. 'ரோமர் காலத்தில் இந்நாடு தானியக் களஞ்சியமாக இருந்தது. பின்னர் வந்த அரபியர் உழவறியாதவர். அவர்களுடைய ஆடுகளும் சோம்பலும் நாட்டைப் பாழாக்கின. அந்தப் பாழின் அடையாளமே இந்தப் பனை' என்று அவர்கள் எழுதினர். பனை நிற்கும் நிலம் தரிசு. தரிசு என்றால் உரிமையாளர் இல்லை. உரிமையாளர் இல்லாதது அரசுக்குச் சொந்தம்! இந்தத் தர்க்கத்துக்குச் சட்ட வடிவமும் கொடுக்கப்பட்டது. 1844 இலும் 1846 இலும் பிறப்பிக்கப்பட்ட அரசாணைகள், வரையறுக்கப்பட்ட பகுதிகளில் பயிரிடப்படாத நிலத்துக்கு உரிமை கோருகிறவர்கள் 1830 ஜூலை மாதத்துக்கு முந்திய ஆவணங்களைக் காட்டவேண்டும் என்றன. காட்ட இயலாவிடில் அந்நிலம் அரசுடைமை. பரம்பரை பரம்பரையாக ஒரு குலத்தார் பொதுவில் வைத்து, ஆடு மேய்த்து, ஓலை அறுத்து வந்த குன்றுக்கு எவரிடம் ஆவணம் இருக்கும்?

பிரெஞ்சுச் சட்டவாணர் சிலர் இஸ்லாமியச் சட்ட நூல்களையே தமக்குத் துணையாகக் கொண்டார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும். 'மவாத்', அதாவது உயிரற்ற நிலம் என்னும் பாகுபாடு ஃபிக்ஹு நூல்களில் உண்டு. அத்தகைய நிலத்தை உயிர்ப்பிக்கிறவனுக்கு அது உரியது என்பதும் உண்மையே. ஆனால் அதே நூல்கள், ஊரை அடுத்த மேய்ச்சல் நிலமும் மக்கள் விறகு எடுக்கும் இடமும் மவாத் ஆகா. அவை ஊரின் பொது உரிமை என்றும் கூறுகின்றன. தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் முஸ்லிம்கள் பங்காளிகள் என்னும் கருத்தமைந்த நபிமொழி அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. முதல் விதியை எடுத்துக்கொண்டவர்கள் இரண்டாவதை ஏட்டிலேயே விட்டுவிட்டார்கள். பனை நின்ற குன்று எவருக்கும் உரிமையற்ற நிலமாக இருந்ததில்லை. பலருக்கும் உரிமை இருந்ததால், தனியொருவர் பெயரில் ஆவணம் இல்லை, அவ்வளவே.

1848 இல் பாரிஸ் நகரில் வேலையற்ற தொழிலாளர் கிளர்ச்சி நசுக்கப்பட்டது. அந்தச் செப்டம்பரில் பிரெஞ்சு மன்றம் 5 கோடி பிராங்குகளை ஒதுக்கி, 12,000 பேரை அல்ஜீரியாவில் குடியேற்றத் தீர்மானித்தது. தச்சர், கொல்லர், தையற்காரர் எனப் பட்டணத்துத் தொழில் செய்து பழகியவர்கள் பலர் அவ்வாறு கப்பலேறினர். பழக்கமில்லாத வெயிலில் பனந்தூர் தோண்டிய அவர்களுள் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் இரையானவர் பலர். மனம் வெறுத்துத் திரும்பியவர்களும் பலர். ஒரு நாட்டின் ஏழைகளை வீட்டைவிட்டு அனுப்பி, மற்றொரு நாட்டின் ஏழைகளுடைய ஓலையைப் பிடுங்கச் செய்த கொடுமை அது. இரு சாராரின் துன்பத்தையும் நாம் நினைக்கவேண்டும்.

மெத்தைக்குள் சென்ற பனை

இதற்குப்பின் நடந்தது அந்த வாதத்தைத் தலைகீழாக்கியது. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இந்தப் பனையோலையை முட்கள் பதித்த உருளைகளில் கொடுத்து நாராகக் கிழிக்கும் முறையைப் பிரெஞ்சுக்காரர்கள் கையாளத் தொடங்கினர். கிழித்த நாரைக் கயிறாக முறுக்கி உலர்த்திப் பிரித்தால், அது சுருண்டு குதிரைமயிர் போலாகிவிடும். கறுப்புச் சாயமும் ஏற்றினார்கள். 'தாவரக் குதிரைமயிர்' என்ற பெயரோடு அது ஐரோப்பிய நாடுகளுக்கு ஏற்றுமதியாயிற்று. மெத்தை, சாய்வு நாற்காலி, குதிரை வண்டியின் இருக்கை, பிற்காலத்தில் மோட்டார் வண்டியின் இருக்கை எனப் பலவற்றுக்கும் உள்ளீடாக அதை அடைத்தார்கள்.

நாட்டைப் பாழாக்கியதன் அடையாளம் என்று சபிக்கப்பட்ட பனை, ஆலை வந்ததும் நாட்டின் செல்வங்களுள் ஒன்றாகிவிட்டது! ஓலையை அறுத்துச் சுமந்துவந்து எடைக்கு விற்றவர்கள் அந்நாட்டு ஏழைகள். தங்கள் பொது நிலத்தில் தங்கள் பாய்க்கென்று அறுத்த அதே ஓலையை, இப்போது பிறருடைய மெத்தைக்கெனக் கூலிக்கு அறுத்தார்கள். பயனற்றது என்று சொன்னவர்களே அதன் பயனை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்தச் சொல்லை ஆதாரமாகக் கொண்டு எடுத்த நிலத்தைத் திருப்பித் தரவில்லை. 1871 இல் மொக்ரானி தலைமையில் எழுந்த கிளர்ச்சி அடக்கப்பட்டபின் மேலும் சுமார் 4½ இலட்சம் ஹெக்டேர் நிலம் பறிமுதலாயிற்று. 1873 ஆம் ஆண்டுச் சட்டம் குலங்களின் பொது நிலத்தைத் தனித்தனி உடைமையாகப் பிரித்து, விற்பனைக்கு வழி திறந்துவிட்டது. 1962 இல் அல்ஜீரியா விடுதலை பெறும்வரை அந்த நிலங்களின் கதை வேறு கைகளில் இருந்தது.

மொராக்கோவிலும் இத்தொழில் பரவியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இரசாயனப் பஞ்சும் செயற்கை நுரைமெத்தையும் வந்து சேர, தாவரக் குதிரைமயிரின் தேவை குன்றிற்று.

எஞ்சியிருப்பது

இக்காலத்தில் இந்தப் பனைக்கு மதிப்பு வேறு வழியில் வந்திருக்கிறது. அட்லஸ் மலையின் நீலநிற வகை, குளிர் தாங்கும் அழகு மரம் என்று ஐரோப்பியத் தோட்டப் பிரியர்களால் விரும்பி வாங்கப்படுகிறது. மெல்ல வளரும் மரம் என்பதால் வளர்ந்த மரத்துக்கு விலை அதிகம். நூறாண்டு பொறுத்திருக்க மனமில்லாதவர்க்கு மலையில் நிற்பதைத் தோண்டி எடுப்பது எளிய வழியாகத் தோன்றுவதில் வியப்பில்லை. பனை வணிகத்தின் வழியே தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஓர் அந்துப்பூச்சி, 2001 முதல் ஸ்பெயினிலும் பிரான்சிலும் பதிவாகியிருக்கிறது. அதன் புழு தண்டைக் குடைந்து இப்பனையைக் கொல்கிறது. தீயையும் கோடரியையும் வென்ற மரத்துக்கு இது புதிய சோதனை.

இதே காலத்தில் இம்மரத்தைப் பற்றிய அறிவும் வளர்ந்திருக்கிறது. இதன் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி மரங்களில் பூக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மகரந்தத்தைச் சுமந்து செல்வது சிறியதொரு கூன்வண்டு. பூக்கும் பருவத்தில் அந்த வண்டை அழைக்கும் மணம் பூவிலிருந்து வருவதில்லை, ஓலையிலிருந்தே வருகிறது என்பதை 2003 இல் பிரெஞ்சு நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்டனர். நரியும் வளைக்கரடியும் இதன் கனியைத் தின்று விதையைப் பரப்புகின்றன. எவரும் நடாத பனை என்று நாம் சொன்னோம். நடுகிறவர்கள் இருக்கவே செய்கிறார்கள், மனிதரின் கணக்கில்தான் அவர்கள் இல்லை!

சிசிலியின் வடமேற்கு மூலையில் ஸிங்காரோ என்றொரு கடற்கரை உண்டு. சுண்ணாம்பு மலை நேராகக் கடலில் இறங்கும் அந்தச் சரிவில் குட்டைப் பனை மிகுதியாக வளர்கிறது. அக்கரையோரமாகச் சாலை அமைக்கும் வேலை தொடங்கி, மலையைக் குடைந்து சுரங்கமும் தோண்டப்பட்டுவிட்டது. 1980 மே 18 ஆம் நாள் ஆயிரக்கணக்கான மக்கள் அங்கே திரண்டு, அந்த மலைப்பாதையில் நடந்து எதிர்ப்பைத் தெரிவித்தனர். சாலை நின்றது. 1981 இல் அப்பகுதி சிசிலியின் முதல் இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. முற்றுப்பெறாத அந்தச் சுரங்கம் இன்றும் காப்பகத்தின் நுழைவாயிலில் இருக்கிறது. அதைக் கடந்து நடந்தால் இருபுறமும் 'ஜும்மாரா' நிற்கிறது.

இந்த வரலாற்றில் நாம் கற்கவேண்டியது ஒன்று உண்டு. ஒரு நிலத்தைத் தரிசு என்பதும் ஒரு மரத்தைக் களை என்பதும் ஒரு மக்களைச் சோம்பேறிகள் என்பதும் பார்வைக்கு வெவ்வேறு சொற்கள். அல்ஜீரியாவில் அவை ஒரே வாக்கியத்தில் வந்தன. அந்த வாக்கியத்தின் முடிவில் ஒரு மக்கள் தம் நிலத்தை இழந்தார்கள். இது பயனற்றது என்று யாரேனும் ஒரு நிலத்தைச் சுட்டும்போது, யாருக்குப் பயனற்றது என்று நாம் திருப்பிக் கேட்கவேண்டும். அந்தக் கேள்வியை அன்று கேட்டிருந்தால், பாய் முடைகிறவளும் ஆடு மேய்க்கிறவனும் பதில் சொல்லியிருப்பார்கள்.

ருஸாஃபா தோட்டம் இன்று இல்லை. அப்துர் ரஹ்மானின் பேரீத்த மரமும் என்றோ மறைந்துவிட்டது. அவர் வந்திறங்கிய கரையோரக் குன்றுகளில் குட்டைப் பனை மட்டும் இன்றும் பாறையைப் பற்றிக்கொண்டு ஆண்டுக்கு ஓரிரு விரல் அளவு வளர்ந்துகொண்டிருக்கிறது.